திரையைத் துடைத்த ஆயுத பூஜை

மாலை நாலு இருபதுக்கு அப்பா ‘ஆம்’ என்பதை அழுத்தினார். எல்லாவற்றையும் நிரந்தரமாக அழித்துவிடவா, நிச்சயம்தானா என்று கணினி ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. நிச்சயமில்லாமல் அப்பா எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அழுத்திவிட்டு, “பாத்தியா பாப்பா, எவ்ளோ மரியாதையா கேட்டுட்டுச் செய்யுது” என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அன்று ஆயுத பூஜை. எனக்குப் பன்னிரண்டு வயது.

போன மாதம் சிதம்பரத்தில் என் மகளின் மடிக்கணினியைப் பார்த்ததும் அந்த மாலை அப்படியே திரும்பி வந்தது. அங்கே கல்லூரியில் சேர்ந்து, என் அத்தை வீட்டில் தங்கியிருக்கிறாள். வேண்டுமென்றே அந்தக் காலத்துத் திரையை அதில் கொண்டுவந்து வைத்திருந்தாள். கீழே சாம்பல் நிறப் பட்டை, இடது மூலையில் தொடக்கப் பொத்தான், மேலே சின்னச் சின்னப் படங்கள், ஓரமாக ஒரு குப்பைத் தொட்டி. “இதான்மா ஈஸி. எது எங்க இருக்குன்னு பளிச்சுனு தெரியுது” என்றாள். அப்பாவும் இதையேதான் சொல்வார். அவள் ஏதோ ஒரு படத்தை இழுத்துத் தொட்டியில் போடப் போக, என் கை என்னைக் கேட்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்த அத்தை சிரிக்கவில்லை.

அப்பா அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் இன்ஸ்டிட்யூட். காலையில் மாணவர்கள் தட்டுவார்கள், பகலில் கோர்ட்டு மனுக்களை அப்பா தட்டுவார். தெருவுக்கு ஒரு கணினி வரத் தொடங்கியதும் அவரும் ஒன்றை வாங்கினார். அதில் அவர் அடித்த முதல் பெரிய வேலை அத்தையின் ஆய்வேடு.

அத்தை அப்பாவின் தங்கை. சிதம்பரத்தில் தங்கி, கழிமுகத்து நண்டுகளைப் பற்றி வருடக்கணக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்த நண்டுகளுக்காகத்தான் கல்யாணத்தையே தள்ளிப்போடுகிறார் என்று உறவில் பேச்சு. சனி ஞாயிறுகளில் வந்து எழுதியதைக் கொடுத்துவிட்டுப் போவார். நண்டுகளின் லத்தீன் பெயர்களை, அர்த்தம் தெரியாமலே, ஒரு பிழை இல்லாமல் அடிப்பதில் அப்பாவுக்கு ஒரு கர்வம். அடித்து முடித்ததும் அத்தையின் கையெழுத்துத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். வைத்திருந்தால் கவனக்குறைவில் அதையே இன்னொரு முறை அடிக்க நேரும் என்பது அவருடைய தொழில் விதி.

இப்படி அத்தியாயங்கள் எல்லாம் மூலை மடிந்த வெள்ளைத் தாள்களாகத் திரையில் வரிசையாக நின்றன. பிரிண்ட் எடுப்பது மட்டும் பாக்கி. அதை விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் தொடங்குவது என்று அப்பா தீர்மானித்திருந்தார். அந்த மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அத்தையின் பதிவு முடிந்துவிடும். மறுபடி அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு முறை உண்டு. எந்த மெஷினின் உருளையிலும் தாள் இருக்கக் கூடாது. மேசையில் ஒரு துண்டுக் காகிதம் கிடக்கக் கூடாது. குப்பைக் கூடையை விளக்கேற்றுவதற்கு முன்பே வெளியே கொட்டிவிட வேண்டும். துடைத்த மேசைக்குத்தான் சந்தனமும் குங்குமமும். டைப்ரைட்டர்களை எல்லாம் முடித்துவிட்டு அப்பா கணினியிடம் வந்தார். திரையை ஒரு மேசை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று அதை விற்றவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த மேசையில் படங்கள் இறைந்து கிடந்தன. ஒவ்வொன்றாக இழுத்துத் தொட்டியில் போட ஆரம்பித்தார்.

“எங்க ஸ்கூல்ல, அதுல போட்டா அழிஞ்சிடும்னு சொன்னாங்கப்பா.”

“இது பிரதி பாப்பா. அசலு உள்ள பத்திரமா இருக்கும். வித்தவரே ஒண்ணத் தூக்கிப் போட்டுக் காமிச்சாரு, ஒண்ணும் ஆவல.”

விற்றவர் தூக்கிப் போட்டது வெறும் குறுக்குவழிப் படம், அதன் அசல் வேறிடத்தில் இருக்கும். அப்படிப்பட்ட படத்தின் மூலையில் ஒரு சின்ன அம்பு இருக்கும். அத்தையின் தாள்களில் அம்பு இல்லை. ஆனால் வாழ்நாளில் கார்பன் வைக்காமல் ஒரு தாளைக்கூட அடித்திராத மனிதருக்கு, எந்த எழுத்துக்கும் எங்கோ இன்னொன்று இருந்தே தீரும்.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். “உங்க தங்கச்சிதான் சாயங்காலம் வருதில்ல? அது வந்து பாக்கட்டுமே. இன்னா அவசரம்?”

“அது பஸ்ல தொங்கிகினு வர்றதுக்குள்ள நேரம் போயிடும். நீ சுண்டலப் பாரு.”

தொட்டி நிறைந்துவிட்டது. வீட்டுக்குள் குப்பையை வைத்துக்கொண்டா சாமி கும்பிடுவது? நாலு இருபதுக்கு அதையும் காலி செய்தார்.

பிறகு திரைக்கு மூன்று கோடு சந்தனம். விசைப்பலகைக்கு ஒரு பொட்டு. மவுஸுக்கு மேலே ஒன்று, அடியில் உருளும் உருண்டைக்கும் மறக்காமல் ஒன்று. பொரியும் கடலையும் பரப்பி, தட்டில் கற்பூரத்தை வைத்தபோதுதான் நான் கேட்டேன். குறை சொல்லக் கேட்கவில்லை, பார்க்க ஆசைப்பட்டுத்தான் கேட்டேன்.

“அத்தையோட நண்டெல்லாம் இப்ப உள்ள எந்த எடத்துலப்பா இருக்கும்?”

“வா, காட்றேன்.”

சந்தனம் அப்பிய மவுஸ் நகரவில்லை. அதை வேட்டி நுனியால் துடைத்தார். சாமிக்கு இட்ட பொட்டை அவர் அழித்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் இன்னொன்று என்று திறந்துகொண்டே போனார். கடைசியில் ஒன்றும் இல்லை. மூடிவிட்டு முதலிலிருந்து திறந்தார்.

“இன்னாங்க, இல்லியா?” என்றார் அம்மா.

“இருக்கும். ஒரு பிரதிகூட வைக்காமலா இவ்ளோ பெரிய மெஷினு செய்வான்?”

மூன்றாம் முறையும் திறந்து பார்த்தார். எழுந்துபோய், பயிற்சிக்கு வரும் மாணவர்கள் உட்காரும் முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கற்பூரத்தை ஏற்றச் சொன்ன அம்மாவிடம், “தங்கச்சி மொகத்த நா எப்படிப் பாப்பேன்?” என்று மட்டும் கேட்டார். பதில் தெரியாத ஒரு கேள்வியை அவர் கேட்டது எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

வெளியே வாழைக்கன்று கட்டிய பஸ்கள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பொழுது சாயும் நேரத்தில் அத்தை வந்தார். நான் வாசல் கேட்டுக்கே ஓடி, “அத்த, உங்க நண்டெல்லாம் போயிடுச்சி! மேச தொடைக்கணும்னு அப்பா எல்லாத்தையும் அழிச்சிட்டாரு” என்று கொட்டிவிட்டேன். முன்னறை வாசலில் ஒரு காலில் செருப்போடு அத்தை அப்படியே நின்றார். காலியான திரையைப் பார்த்தார். அப்புறம் அப்பாவின் முதுகைப் பார்த்தார். திரையைவிட முதுகைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

அவரிடம் வேறு பிரதி கிடையாது. போன மாதம்தான் என்னிடம் சொன்னார். கையில் இருந்தவை நண்டுகளை அளந்தபோது எழுதிய பென்சில் குறிப்புகள் மட்டும். அவற்றிலிருந்து எல்லா அத்தியாயங்களையும் புதிதாக எழுதியிருக்கிறார். அனுமதி கேட்டு நின்றிருக்கிறார். அப்பாவிடம் காரணம் சொன்னபோது, வழிகாட்டி நிறையத் திருத்தச் சொல்லிவிட்டார் என்றிருக்கிறார். அதைச் சிதம்பரத்திலேயே அடிக்கக் கொடுத்ததில் அப்பாவுக்கு மனத்தாங்கல்கூட. “வேற ஆளு அடிச்சா இத்தினி தப்புதான் வரும்” என்று ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டிச் சொன்னார். அந்த ஆயுத பூஜையன்று அத்தை சொன்னதை அவர் இன்றுவரை நம்புகிறார்.

கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. என் மகளுக்கு இப்படி ஒன்று நடந்தால் அவளால் அது முடியுமா என்று யோசித்து யோசித்துப் பயப்படுகிறேன். என்னால் முடியாது, அது நிச்சயம்.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அத்தையே சிரித்துவிட்டாரே, பிறகென்ன என்று பொரித் தட்டை நோக்கி நகர்ந்துவிட்டேன். அம்மா எதற்காக அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமலே நின்றார் என்பதுதான் விளங்கவில்லை. அத்தை இன்னொரு கையால் தோள்பையைத் தட்டிக் காட்டினார்.

“இன்னாண்ணே நீ, இதுக்குப் போயி? எல்லாத்தையும் ஃப்ளாப்பில ஏத்தி எங்கிட்ட வச்சிருக்கேன். எழுந்து வா, வந்து கற்பூரத்தக் காட்டு. பசிக்குது எனக்கு.”