சேகரம் அண்ணையும் முடியாத பாலமும்

சேகரம் அண்ணை போய்விட்டார்...

நேற்றுக் காலை, கொழும்பில். மாரடைப்பு என்கிறார்கள். வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம்.

பெயர் உங்களில் பலருக்குத் தெரியாது, குரல் தெரியும். பாராளுமன்ற விவாதத்தை ரீவியில் தமிழில் கேட்டிருந்தால், அந்த அவசரமில்லாத கனத்த குரல் அவருடையதுதான்.

நாங்கள் இரண்டு பேரும் உரைபெயர்ப்பாளர்கள், சபையில் சிங்களத்தில் பேசுவதை உடனுக்குடன் தமிழில் சொல்பவர்கள். ஒரே கண்ணாடி அறைக்குள், ஒரே மேசையில், மாறி மாறி மைக் பிடித்தவர்கள்.

இப்போது அவருடைய ஊர் வாசலில் நிற்கிறேன். கொடிகாமத்தால் திரும்பி உள்ளே வந்தால் ஒரு வெள்ள வாய்க்கால், அதற்குக் குறுக்கே பாதியில் விட்ட பாலம். தூணும் கறள் பிடித்த கம்பியும்தான் நிற்கின்றன. பக்கத்தில் மாற்றாகப் போட்ட மண் பாதை தண்ணீருக்கு அடியில்.

அண்ணையின் பெட்டியோடு எங்கள் வாகனம் இந்தப் பக்கம். அவருடைய மனைவி மலர் அக்கா அந்தப் பக்கம். சேர்ச் வளவில் குழி வெட்டியாகிவிட்டதாம்... மழை விடவில்லை.

ட்ரக்டர் வருகிறது என்றார்கள், இன்னும் காணவில்லை. இருட்டுவதற்குள் அண்ணையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கை சும்மா இருந்தால் பயம் கூடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா திரும்பத் திரும்ப போன் எடுக்கிறா.

"பிள்ளை, எங்கை நிக்கிறியள்?"

"பாலத்தடியிலை, அக்கா."

"ஐயோ, அதிலையோ... தண்ணி ஏறுதோ?"

இல்லை என்று சொன்னேன். ஏறுகிறது. நாங்கள் வரும்போது வெளியே தெரிந்த கல் ஒன்று இப்போது தெரியவில்லை. ட்ரைவர் அதைக் காட்டிவிட்டுப் போய் வாகனத்தில் ஏறி இருக்கிறார்.

இந்தப் பாலத்தை இன்றுதான் முதல்தடவை கண்ணால் பார்க்கிறேன். ஆனால் இதைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறேன். அண்ணை என்னைவிடக் கூட.

எங்கள் வேலையில் 'அமைச்சர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்'. அவர் வாக்குக் கொடுத்தால் எங்கள் வாய்தான் வாக்குக் கொடுக்கும்.

"அடுத்த மாரிக்கு முன்னர் இந்தப் பாலத்தை நான் முடித்துத் தருவேன்." இதை ஒருநாள் அண்ணைதான் தமிழில் சொன்னார். எந்த அமைச்சர் என்பது வேண்டாம், பிறகு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த முறை லீவில் ஊருக்கு வந்தவரைக் கொடிகாமம் சந்தையில் ராசதுரை என்ற தேங்காய் வியாபாரி மறித்திருக்கிறார். கன்ரீனில் அண்ணை இதைச் சொல்லிச் சிரித்த சிரிப்பு...

"ஐயா, பாலம் வரும் எண்டு ரீவியிலை நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அது மந்திரி சொன்னது, ராசதுரை. நான் தமிழிலை சொன்னனான், அவ்வளவுதான்."

"அது விளங்குது. ஆனா மந்திரியை எங்களுக்குத் தெரியாது. உங்களைத்தானே தெரியும்."

முதலில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லித் திரிந்தார். பிறகு அலுத்துவிட்டது. கலியாண வீட்டில், சேர்ச்சில், சலூனில், எங்கே கண்டாலும் "பாலம் என்ன மாதிரி?" இவரும் "கேட்டுப் பாக்கிறன்" என்று சொல்லப் பழகிவிட்டார்.

யாரைக் கேட்பது? கேள்வி கேட்கிற வேலை எங்களுடையது இல்லையே.

போன மாரியில் இந்தப் பகுதி எம்.பி. ஒருவர் சபையில் கத்திக் கேட்டார், வேலை ஏன் நின்றது என்று. அப்போது அண்ணையின் முறை. அக்கா காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் வீட்டில் கிடந்த கிழமை அது. எனக்குத் தெரியும்.

அமைச்சரிடமிருந்து பதில் வந்தது. "மாற்றுப் பாதை உள்ளது. மக்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை."

நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார். குரல் ஆடவில்லை.

பிறகு மைக்கை ஒரு கணம் நிறுத்தும் பட்டனை அழுத்தினார். இருமல் வந்தால் அழுத்துவதற்கு வைத்திருப்பது. "உந்த மாற்றுப் பாதையிலை உவர் ஒருக்கா நடந்து பாக்கட்டும்" என்றார். விரலை எடுத்துவிட்டு, "கௌரவ சபாநாயகர் அவர்களே" என்று தொடர்ந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் அண்ணை, குரலிலையாவது கொஞ்சம் காட்டியிருக்கலாமே?"

"அது என்ரை கதை இல்லையே, பிள்ளை. வாங்கோ, பிளேன்ரீ குடிப்பம்."

ட்ரக்டர் சத்தம் கேட்கிறது...

...

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சத்தை மலர் அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

பெட்டியை ட்ரெயிலரில் ஏற்றி, மழைக்குத் தறப்பாள் போட்டு மூடினார்கள். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். இரண்டு பக்கமும் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நடுவில் ஒரு சில்லு இறங்கி, ட்ரெயிலர் ஒரு பக்கம் சரிந்தது. நான் கண்ணை மூடிவிட்டேன்.

"பிடி, பிடி... விடாதை" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அந்தக் கரை. அக்கா குடையோடு நின்றா. நனைந்த தறப்பாளைத் தொட்டு, "வந்திட்டியளோ" என்று மட்டும் கேட்டா. அப்போதுதான் நான் அழுதேன்.

குழிக்குள்ளும் தண்ணீர். வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிவிட்டுத்தான் இறக்கினார்கள். வெளிச்சம் போவதற்குள் முடிந்தது, அவ்வளவு போதும்.

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பிடித்து வந்தவர்களில் ஒருவர், உடம்பெல்லாம் சேறு, கிட்ட வந்தார். ராசதுரை என்று அக்கா சொன்னா.

"பிள்ளை, நீங்களும் ஐயாவோடை அங்கைதானே கதைக்கிறனீங்கள்?"

"ஓம்."

அடுத்த கிழமை சபையில் இதே பாலம் பற்றிய கேள்வி இருக்கிறது. அண்ணையின் முறையும் எனக்குத்தான். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், அதை என் வாயால் சொல்ல வேண்டும். அக்கா வீட்டு ரீவி முன்வாசலைப் பார்த்தபடி இருக்கிறது, இவர்கள் அதில் என் குரலைத்தான் கேட்பார்கள்.

"அப்ப, பாலம் என்ன மாதிரி?"

"கேட்டுப் பாக்கிறன்" என்றேன்.

போயிட்டு வாங்கோ, சேகரம் அண்ணை...