என் மார்பளவு

தையல்காரனிடம் பொய் சொல்லாத ஆம்பளை கிடையாது. வயிற்றை எக்கிக்கொண்டுதான் டேப்புக்கு நிற்பான். தொப்பை போட்ட சகோதரர்களே, நானும் உங்கள் கட்சிதான். பெண்ணாய்ப் பிறந்து ஆணாய் வாழ்கிறவன். சென்னையில் மார்பு ஆபரேஷன் முடித்துவிட்டு நாகல் நகரில் ஒரு தையல்கடையில் சேர்ந்தேன். இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலையும் போகும், குடியிருக்கிற வீடும் போகும்.

நாலு புரோட்டா

மூன்று வருஷம் மார்பு தட்டையாக இருந்தது. தினமும் நாலு புரோட்டா, சால்னா என்று தின்றதில் பதினஞ்சு கிலோ ஏறி, சட்டைக்குள் மறுபடி மேடு தட்டியது. கண்ணாடியில் பார்த்ததும் சட்டையின் கழுத்துப் பட்டனையும் போட்டுக்கொண்டேன். பக்கத்து மெஷின் சேவியர் வேறு, வேர்த்து ஒழுகுகிற என்னைப் பார்த்து, "ஏலே, சட்டையக் கழட்டிப் போட்டுட்டுத் தையேன். இந்த வெக்கையில என்ன வெக்கம்?" என்றான்.

ரெண்டு பாக்கெட்

மேட்டை மறைக்க என் சட்டைகளில் இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட் தைத்துக்கொண்டேன். சாணார்பட்டி பூ வியாபாரி ஒருத்தர் வந்து என் மார்பையே வெறித்தார். வெட்டிக்கொண்டிருந்த துணியை எடுத்து மார்புக்கு நேரே பிடித்தேன். அவர் விரலை நீட்டிச் சொன்னார். "எனக்கும் இதே மாதிரி ரெண்டு பாக்கெட் வைங்க தம்பி, எடுப்பா இருக்கு."

எஸ்.டி.டி. பூத்

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, ஆபரேஷன் செய்த சென்னை டாக்டருக்குப் போன் போட்டேன். வெளியே நாலு பேர். "திரும்ப முளைக்குதா டாக்டர்?" என்று நான் முணுமுணுத்தது எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. "எடுத்தது முளைக்காது தம்பி. தோலுக்கடியில விட்டு வச்ச கொழுப்பு உடம்போட சேர்ந்து பெருகுது. தழும்போட ஓரம் அக்குள் பக்கம் புடைச்சுக்கும். முதல்ல புரோட்டாவ நிறுத்துங்க."

கிறிஸ்துமஸ் சட்டை

கடை முதலாளி ஆரோக்கியம் மாஸ்டர் வருஷா வருஷம் எங்களுக்குச் சட்டை தைத்துத் தருவார். அளவெடுத்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். சேவியர் நோட்டில் எழுதுவான். அந்த வருஷம் தப்பிக்க வழியில்லை, நின்றேன். டேப் அக்குளுக்கடியில் தழும்பின் புடைப்பில் தட்டி நின்றது. மாஸ்டர் விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை. டேப்பை உருவி என் தோளில் போட்டார். "ஓன் அளவ நீயே எடுத்து எழுதிக் குடு அப்பு. வெட்டுறத நான் வெட்டிக்கிறேன்."

நானும் மூச்சை எக்கி அளந்து எழுதிக் கொடுத்தது நாற்பது. மாஸ்டர் நாற்பத்திரண்டுக்கு வெட்டி, கேட்காமலே ரெண்டு பாக்கெட் வைத்திருந்தார்.