மறுபடியும் டிலிஸ்

1951 மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் டிலிஸ் ஊரைவிட்டுப் போனாள். வெல்ஷ் மலையூரான ப்ளைனாயின் ரயில் நிலையத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அங்கே அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லிவர்பூல் வரை ரயில், அங்கிருந்து கப்பலில் கனடா. டொராண்டோவில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. வயது இருபது.

வீட்டார் மட்டுமல்ல, எங்கள் தெருவில் பாதியே வழியனுப்ப வந்திருந்தது. அப்பா ரீஸ் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, சிலேட் குவாரித் தூசி கொடுத்த இருமலை இருமி முடித்தார். தம்பி இத்தெல் மழைக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

"இத்தெல்னா தாராளமான பிரபுன்னு அர்த்தமாம்ல? பிரபுவே, வழிக்கு ஒரு மிட்டாயாவது குடுங்களேன்" என்றாள் டிலிஸ்.

"அதெல்லாம் கனடாவுல போய் அள்ளிக்க. உன் கட்டில் எனக்கு, அதுக்கே நான் சந்தோஷமா வழியனுப்புறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். 'டிலிஸ், பொத்தானைப் போடு', 'டிலிஸ், போனதும் எழுது' என்று நாலாபக்கமும் குரல்கள். அம்மா மார்கியாட் மட்டும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். டிலிஸின் கண் அவள்மேல்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்றைக்காவது கூப்பிடுவாள் என்று டிலிஸ் நம்பியிருந்தாள். இல்லையென்றால் வேறு எந்த நாளில் கூப்பிடுவாள்?

ரயில் நகர்ந்தது. மார்கியாட் கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள். வாய் திறந்தது.

"ஏ பொண்ணே, கதவை நல்லா சாத்திக்கோ. காத்து வரும்."

டிலிஸுக்கு முன்னால் அந்த வீட்டில் இன்னொரு டிலிஸ் இருந்தாள். நாலு வயதில் விஷக் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த ஆண்டே இவள் பிறந்தாள். பிரசவத்துக்குப் பின் மார்கியாட் ஜன்னி கண்டு படுத்திருந்ததால், பிறப்பைப் பதிய ரீஸ் தனியாகப் போனார். திரும்பி வந்து கட்டில் ஓரமாக நின்று சொன்னாராம்: "பேரு நம்ம வீட்டுலயே இருக்கட்டும்னு அதையே குடுத்துட்டேன், மார்கியாட். எங்கம்மா பேரு பாரு, விட மனசு வரல." மார்கியாட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரீஸ் கெட்ட மனிதர் இல்லை. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கம் பழைய வழக்கம்தான். மனைவிக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் அவர் நினைத்தார்.

ஒரே பெயரில் ஐந்தாறு பேர் இருக்கிற ஊரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வால் முளைத்துவிடும். ரொட்டி ஜோன்ஸ், வெடி ஜோன்ஸ், குடையில்லாத ஜோன்ஸ். இவளுக்கு யார் வைத்தது என்று தெரியாது. நடக்கப் பழகுவதற்குள் இவள் 'டிலிஸ் எட்டோ' ஆகிவிட்டாள். எட்டோ என்றால் மறுபடியும். கடைக்காரர் அன்பாகவே கூப்பிடுவார்: "வா, டிலிஸ் எட்டோ, அம்மாவுக்கு என்ன வேணும்?"

டிலிஸ் என்ற சொல்லுக்கே அசலானது, சந்தேகமில்லாதது என்று பொருள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை விடுவார்களா? சேப்பல் என்கிற ஊர்ச் சிறு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில், சிலேட் கல்லில், 'டிலிஸ், ரீஸ் – மார்கியாட் அருமை மகள்' என்று செதுக்கியிருந்தது. தன் பெயரை எழுத்துக்கூட்டி அவள் முதலில் படித்ததும் அந்தக் கல்லில்தான்.

"அசல் டிலிஸ் கல்லுக்கடியில இருக்கா. அப்ப நீ யாரு, நகலா?" என்றான் ஒருவன்.

"அவ இன்னிக்குக் கஞ்சி குடிச்சாளா? நான் குடிச்சேன். அப்ப யாருடா அசல்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வாய் வீட்டு வாசல் வரைதான் தாங்கியது.

அன்று மார்கியாட் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, என் பேரு என்ன?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லேன்."

மார்கியாட் மாவைப் புரட்டிப் போட்டாள். இன்னொரு தடவை புரட்டினாள். "அடுப்புல கரி போடு, பொண்ணே. அணையப் போகுது."

பாசமில்லாதவள் என்று சொல்ல முடியாது. பனிக்காலத்தில் மகளின் காலுறைகளை அடுப்பு மேல் சூடாக்கி வைப்பாள். பாலின் ஆடையை அவளுக்கென்றே எடுத்து வைப்பாள். பெயர் மட்டும் வராது.

டொராண்டோவில் டிலிஸுக்கு முதலில் பிடித்தது, அங்கே வேறு டிலிஸே இல்லை என்பதுதான். மருத்துவமனைத் தலைமைச் சமையல்காரி, "இப்படி ஒரு பேரை நான் கேட்டதே இல்லையே" என்றபோது அவளுக்குச் சர்க்கரை தின்ற மாதிரி இருந்ததாம். பெத்ரோ என்ற உக்ரேனியப் பேருந்து ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மகள் பிறந்தபோது, மார்கியாட் என்றே வைக்கும்படி இத்தெல் எழுதினான். முடியாது, எங்கள் குடும்பத்தில் செத்தவர், இருக்கிறவர் யாரும் போட்டுக்கொள்ளாத பெயராக வேண்டும் என்று பதில் எழுதிவிட்டு, என்ஃபிஸ் என்று வைத்தாள். வானவில்.

நகரத்து வெல்ஷ் சேப்பலுக்கு அவள் போனதில்லை. ஒருநாள் டிராமில், பக்கத்தில் வந்து உட்கார்ந்த கிழவர் அவளை உற்றுப் பார்த்து, எங்கள் மொழியில் உரக்கக் கேட்டார்: "அட, நம்ம டிலிஸ் எட்டோ தானே நீ!"

"ஆள் தெரியாமப் பேசுறீங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே இறங்கிப் பனியில் நடந்தே வீடு சேர்ந்தாள். இதை என்னிடம் சொன்னபோது சிரித்தாள். "பாவம், அந்தாளு ஊர்க்காரங்களப் பாத்து எத்தனை நாளாச்சோ" என்றும் சொன்னாள்.

அம்மாவிடமிருந்து கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. உறையின்மேல் பெயரும் முகவரியும் இத்தெலின் கையெழுத்தில். உள்ளே எப்போதும் 'அன்பு மகளுக்கு' என்றே தொடங்கும். டிலிஸ் முதல் வரியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள். மீதியைச் சாயங்காலம் படிப்பாள். முதலில் கப்பலுக்குப் பணமில்லை என்று ஊருக்குப் போகவில்லை. பணம் வந்தபோது, வரச்சொல்லி யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று போகவில்லை. அப்பாவின் இறுதிச் சடங்குக்கும் போகவில்லை.

1975 கோடையில் நான் அவள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தேன். நான் அதே தெருக்காரி. ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது இத்தெல் மாமா கொடுத்த முகவரி அது. முதல் வாரமே கேட்டாள்.

"எங்கம்மா நம்ம தெருவுல என்னை எப்படிச் சொல்லுவாங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "கனடாக்காரின்னு சொல்லுவாங்க, அத்தை."

"பரவாயில்லையே. ஒரு நாட்டோட பேரையே குடுத்துட்டாங்க எனக்கு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அந்த இலையுதிர் காலத்தில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் வந்து, கடிதம் எதுவும் வரவில்லை. நவம்பரில் தொலைபேசி மணி அடித்தது. இத்தெல் மாமா. அத்தை நின்றபடியே கேட்டாள்.

"எப்போ?" என்றாள். பிறகு, "கடைசியா யாரையாவது கூப்பிட்டாங்களா?"

மாமாவின் குரல் எனக்கே கேட்டது. "இல்லக்கா. தூக்கத்துலயே போய்ட்டாங்க."

"எங்க அடக்கம் பண்றீங்க?"

"மூத்தவகூட. அம்மா எப்பவோ சொல்லி வச்சதுதான்."

ரிசீவரை வைத்துவிட்டு, பாதியில் விட்ட உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தாள். "அவகிட்டயே போய்ட்டாங்க" என்றாள், என்னிடம் சொல்வதுபோல இல்லாமல். அதற்குப் பிறகு பெத்ரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். இரண்டாம் முறை கூப்பிட வேண்டியிருக்கும்.

வேலைநிறுத்தம் முடிந்து, தேங்கிய தபால் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியது. ஜனவரியில் ஒரு சின்னப் பொட்டலம். அக்டோபர் முத்திரை. உள்ளே ஒரு ஒலிநாடா, கூட ஒரு துண்டுக் காகிதத்தில் இத்தெல் மாமாவின் எழுத்து: 'அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, எழுத முடியவில்லை. பேசியிருக்கிறாள்.' துக்கத்தில் மாமா இதை மறந்தே போயிருந்தார். அத்தை அதைச் சமையல் மேசையில் இரண்டு நாள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மதியம், என்ஃபிஸின் டேப் ரெக்கார்டரைத் தானே எடுத்து வந்து போட்டாள். என்னைப் போகச் சொல்லவில்லை.

கரகரப்பு. நாற்காலி இழுபடும் ஓசை. பிறகு மார்கியாட்டின் குரல்.

"ஓடுதாடா? சரி, நீ வெளிய போ. நீ நின்னா எனக்குப் பேச வராது. போ, போ.

போய்ட்டான். இங்க மழை. எனக்கு உடம்பு பரவாயில்ல, கண்ணுதான்.

டிலிஸ்.

பாரு, எவ்வளவு கஷ்டப்படுத்துது. நாலு வயசுப் பிள்ளை, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். அந்தப் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டு, நீ திரும்பிப் பாத்துட்டேன்னா, அவ இனிமே வரமாட்டான்னு ஆயிடும். அப்படி ஒரு கிறுக்கு எனக்கு. யார்கிட்ட சொல்றது இதை? நீ எம் மூஞ்சியையே பாத்துட்டு நிப்ப. எதுக்குன்னு எனக்குத் தெரியும். தெரியாம இல்ல, கண்ணு.

இப்போ தினமும் அடுப்படியில சொல்லிப் பழகுறேன். டிலிஸ், டிலிஸ்னு. பூனை ஓடி வருது, அதுக்குப் பசி.

டிலிஸ், உங்கிட்டயும் இந்த மாதிரி மிஷின் இருக்காமே. நீயும் பேசி அனுப்பு. பெருசா ஒண்ணும் வேணாம். 'என்னம்மா'ன்னு ஒரு தடவை சொல்லு, போதும்."