வரலை அக்கா

ஆணையர் பேச எழுந்ததும், கேள்வி வாசிக்கும் அந்த அம்மா பேனா மூடியைக் கழற்றிப் பற்களுக்கிடையில் கவ்விக்கொள்கிறார். ஆணையர் "கடந்த காலங்களில்" என்று ஆரம்பிக்கிறார். மூடி வாயிலேயே இருக்கிறது. "பல்வேறு கோணங்களிலும் பரிசீலித்து" என்கிறார். மூடி அசையவில்லை. "உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை" என்று முடித்துவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். அந்த அம்மா மூடியை வாயிலிருந்து எடுக்கிறார்.

"சார், குழாய்ல தண்ணி எப்போ வரும்னு கேட்டிருக்காங்க. தேதி ஏதாவது சொன்னீங்களா? என் காதுல விழல."

மண்டபம் சிரிக்கிறது. அவர் சிரிப்பதில்லை. காதில் கோளாறு எதுவும் இல்லை. குண்டூசி விழுந்தாலும் கேட்கும். தேதி விழவில்லை, அவ்வளவுதான்.

நகராட்சியின் மாதக் கூட்டத்தில் மக்கள் கேள்விகளை வாசிக்கும் எழுத்தர் அவர். ஐம்பத்து நான்கு வயது. ஒல்லி. எப்போதும் ஏதோ ஒரு பஸ்ஸைப் பிடிக்கப்போகிறவர் மாதிரி தோளில் பை. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்புவரை வாசலில் உள்ள தகரப் பெட்டியில் யாரும் கேள்வி எழுதிப் போடலாம். அவர் அவற்றைத் தாளில் ஏற்றி, கூட்டத்தில் உரக்க வாசிப்பார். தாளில் மூன்று கட்டங்கள். முதலில் கேள்வி, அடுத்து கேட்டவர், மூன்றாவதில் 'பதில் வந்தது' அல்லது 'பதில் வரவில்லை'. வேறு எதுவும் எழுத விதியில்லை. பதில் வராத கேள்வி அடுத்த மாதத் தாளில் முதல் வரிக்கு ஏறிவிடும். இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. இவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் எல்லாவற்றுக்கும் 'வந்தது' என்றே எழுதுவாராம். அதையும் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுவாராம்.

எழுதியவர் கெஞ்சியிருந்தால் இவர் குரலும் கெஞ்சும், கொதித்திருந்தால் இவர் குரலும் கொதிக்கும். ஒரு வார்த்தை கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். ஒரே ஒரு விலக்கு உண்டு. "இங்க ஒரு வசவு இருக்கு சார், அதை விட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டு மேலே போவார். விட்டது எந்த வசவு என்று ஆணையர் கூட்டம் முடியும்வரை யோசித்துக்கொண்டிருப்பார்.

பத்திரிகைக்காரர் பெஞ்சில் உட்காரும் நாங்கள்தான் அவருக்கு 'வரலை அக்கா' என்று பெயர் வைத்தோம். கூட்டம் கலைந்து படியிறங்கும்போது, "அக்கா, இன்னிக்கு எத்தனை?" என்று கேட்போம். "ஒம்பதுல ஆறு வரலைப்பா" என்பார், தபால் வரவில்லை என்று சொல்வதுபோல. வீட்டிலும் இதே கதைதான். அவருடைய வீட்டுக்காரர் ஒருமுறை என்னிடம் புலம்பினார்: "மத்த வீட்ல எல்லாம் புருஷங்க 'பாக்கலாம்'னு சொல்லியே காலத்த ஓட்டிடுறாங்க தம்பி. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஆமான்னு சொல்லணும், இல்ல இல்லைன்னு சொல்லணும்."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு இந்த வருஷம் சிரிப்பு நின்றுபோனது. ஒரு பஸ் ஓட்டுநர் பெட்டியில் போட்ட கேள்விதான் காரணம்: "நகராட்சி ஆஸ்பத்திரிக் கட்டடத்தை வங்கிக்கு அடமானம் வைத்துக் கையெழுத்துப் போட்டது யார்? கடன் பாக்கிக்காக வங்கி ஆஸ்பத்திரியை மூடுமா, மூடாதா?"

நகராட்சி தனக்குப் புதிய அலுவலகம் கட்டக் கடன் வாங்கியது. அலுவலகம் பாதிச் சுவரோடு நின்றது, தவணையும் நின்றது. ஒருநாள் காலை ஆஸ்பத்திரிச் சுவரில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அப்போதுதான் அது அடமானத்தில் இருப்பதே ஊருக்குத் தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரியின் மாடியில் ஆறு டயாலிசிஸ் இயந்திரங்கள் இருக்கின்றன. நான்காவது இயந்திரத்தில் வாரத்துக்கு மூன்று நாள் படுப்பவர் வரலை அக்காவின் சொந்தத் தங்கை. அதை விட்டால் அடுத்த இயந்திரம் மூன்று மணி நேரப் பயணத்தில். அங்கேயும் இடம் கிடைக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்தத் தங்கையால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க முடியாது.

கேள்வி வந்த அன்றே இவர் ஆணையர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். "சார், என் தங்கச்சி அங்கதான் படுக்குறா. இந்தக் கேள்விய வேற யாராவது வாசிக்கட்டும்." ஆணையர் பெருந்தன்மையாக, "அதுக்கென்னம்மா, நீங்களே வாசிங்க" என்றார். ஒரு தடவை வாசித்தால் தொல்லை தீர்ந்தது என்று நினைத்திருப்பார், பாவம்.

முதல் மாதம் ஆணையர் எட்டு நிமிஷம் பேசினார். வரவில்லை. இரண்டாம் மாதம் வரைபடம் காட்டினார். வரவில்லை. மூன்றாம் மாதம் கூட்டம் முடிந்ததும் இவரை அறைக்குக் கூப்பிட்டார். இவருடைய வேலை ஆண்டு ஒப்பந்தம். புதுப்பிக்கும் தாள் மேஜைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"தங்கச்சிக்காகத்தானேம்மா இவ்வளவு அடம்?"

"அவளுக்காகன்னா உங்க கால்ல விழுந்து அழுதிருப்பேன் சார். தாள்ல இருக்கிறத வாசிக்கிறேன், அவ்வளவுதான்."

"வந்ததுன்னு எழுதினா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?"

"நீங்க சொன்னா எழுதிடப் போறேன். சொல்றதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா சார்?"

தாள் கையெழுத்தில்லாமல் மேஜையிலேயே கிடந்தது. நான்காம் மாதமும் 'வரவில்லை'. அன்று படியிறங்கும்போது நாங்கள் எண்ணிக்கை கேட்கவில்லை. அவரே நின்றார். "பயமா இருக்குப்பா. வேலையும் போயி, ஆஸ்பத்திரியும் போச்சுன்னா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? பேசாம வந்ததுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமோன்னு கூடத் தோணுது." டீ சாப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஆனால் அதே விதிப் புத்தகத்தில், யாரும் புரட்டாத ஒரு பக்கத்தில், இன்னொரு வரி இருந்தது. நான்கு கூட்டங்களில் பதில் வராத கேள்விக்கு, ஐந்தாவது கூட்டத்தில் சம்பந்தப்பட்டவரே நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். நகராட்சியோடு ஒப்பந்தம் போடும் எல்லாரும் இதற்கு ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறார்கள். வங்கியும் போட்டிருந்தது. இவர் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டு, வங்கித் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்.

வங்கித் தலைவர் வந்தே விட்டார். கசங்காத சாம்பல் நிறக் கோட்டு, கூட ஒரு வக்கீல். அவருடைய ஒரு மாதச் சம்பளம் வரலை அக்காவின் ஆயுள் சம்பளத்துக்கு மேல் என்று எங்கள் பத்திரிகையே எழுதியிருந்தது. ஆனால் மனிதர் நன்றாகப் பேசினார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். "இந்த மருத்துவமனை எங்கள் இதயத்துக்கும் நெருக்கமானது. ஒரு நோயாளிகூடக் கவலைப்படத் தேவையில்லாத சூழலை உருவாக்குவதே எங்கள் நோக்கம்" என்று முடித்தபோது மண்டபமே கைதட்டியது. கேள்வி கேட்ட பஸ் ஓட்டுநரும் தட்டினார். நான் உடனே பத்திரிகை அலுவலகத்துக்குத் தலைப்பை அனுப்பினேன்: 'ஆஸ்பத்திரி மூடப்படாது: வங்கித் தலைவர் உறுதி.' இருபத்திரண்டு வருஷம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவன் நான்.

அப்போதுதான் பார்த்தேன், பேனா மூடி இன்னும் அவர் வாயில் இருந்தது.

எடுத்தார். மூடியை மேஜையில் வைத்தார். "ரொம்ப நல்லாப் பேசினீங்க சார். மூடுவீங்களா, மூட மாட்டீங்களா? நான் எதை எழுதட்டும்?"

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது.

"அம்மா, அதான் சொல்லிட்டாரே!" என்றார் ஆணையர். "வந்ததுன்னு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போங்க."

"எப்படிச் சொன்னார் சார்? அந்த வாக்கியத்தத் திருப்பிச் சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்."

ஆணையர் வங்கித் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். நான் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். இதயம் இருந்தது, சூழல் இருந்தது, நோக்கம் இருந்தது. மூட மாட்டோம் என்ற சொல் எங்குமே இல்லை. எனக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. அலுவலகத்துக்கு 'தலைப்பை நிறுத்துங்கள்' என்று அனுப்பினேன்.

"அப்போ வரலைன்னு எழுதிடறேன்" என்று அவர் தாளின்மேல் குனிந்தார்.

வங்கித் தலைவர் புன்னகையோடு கேட்டார்: "அப்படி எழுதினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார். அடுத்த மாசம் முதல் கேள்வி இதுதான். நீங்க மறுபடி வரணும். அதுக்கடுத்த மாசமும்."

"நானேவா?"

"ஆள் அனுப்ப விதியில்ல சார்."

யாரோ பின்வரிசையில் குபீரென்று சிரித்தார். வங்கித் தலைவர் சிரிக்கவில்லை. வக்கீலிடம் குனிந்து பேசினார். வக்கீல் தலையாட்டினார், பிறகு வேறு மாதிரி தலையாட்டினார். காகிதங்கள் புரண்டன. வரலை அக்கா பேனாவைத் தாளுக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்தபடி அசையாமல் இருந்தார். அந்தச் சில நிமிஷங்களில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வங்கித் தலைவர் மைக்குக்கு வந்தார். இந்த முறை மேடைப் பேச்சு இல்லை.

"மூட மாட்டோம்."

"கடன் பாக்கி இருந்தாலுமா சார்? கேள்வில அது இருக்கு."

"இருந்தாலும். ஆஸ்பத்திரிய விட்டுடறோம். அதுக்குப் பதிலா அந்தப் பாதி கட்டின ஆபீஸ அடமானமா வச்சுக்கறோம். எழுதிக்கோங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உண்மையச் சொன்னா, அங்க ஆஸ்பத்திரி நடக்குதுன்னே எங்க ஃபைல்ல இல்லம்மா. 'பழைய கட்டடம்'னுதான் போட்டிருக்கு. நோட்டீஸ் ஒட்டின ஆளத் தவிர நேர்ல போயி யாரும் பாக்கல. நானும் பாக்கல."

மண்டபம் மூச்சு விட்டது. நிஜமாகவே விட்டது, எனக்குக் கேட்டது. ஆனால் வரலை அக்கா எழுதவில்லை. ஆணையர் பக்கம் திரும்பினார்.

"இன்னும் பாதிக் கேள்வி இருக்கு சார். கையெழுத்துப் போட்டது யாருன்னு."

தன் ஒப்பந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் மனிதரிடம் கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆணையர் மெதுவாக எழுந்தார். மைக்கைத் தொடவில்லை.

"நான்தான். கடைசிப் பக்கத்துல அந்தப் 'பழைய கட்டடம்' இருந்துச்சு. அதப் படிக்காமலே போட்டுட்டேன்."

"நாலு மாசம் முன்னாடியே இதச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்று கத்தினார் பஸ் ஓட்டுநர்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் ஆணையர். "சொல்ல முடியல." உட்கார்ந்தபோது அவர் தோள்கள் தளர்ந்தன. விசாரணை வரும், அவருக்கும் தெரியும். ஆனாலும் நான்கு மாதமாக நான் பார்த்த முகம் இல்லை அது. பல்வலிக்காரர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும்போது இருக்குமே, அப்படி இருந்தது.

"பதில் வந்தது" என்று வரலை அக்கா உரக்க வாசித்தார். கடைசி எழுத்தில் குரல் உடைந்தது. ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, "அடுத்த கேள்வி, தெருவிளக்கு" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தெருவிளக்குக் கேள்விக்கு அழுத ஒரே நிருபர் நானாகத்தான் இருப்பேன்.

அன்று பிற்பகலே அவருடைய ஒப்பந்தம் கையெழுத்தானது. "நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் போட்டார்ப்பா" என்றார் என்னிடம். "அரை மணி நேரம் நின்னுக்கிட்டே இருந்தேன். கால் விண்ணு விண்ணுனு தெறிக்குது."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி மாடிக்குப் போனேன். வங்கியின் நோட்டீஸை ஊழியர் ஒருவர் ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான்காவது இயந்திரத்தில் தங்கை படுத்திருந்தார். இடது கையில் இரண்டு குழாய்கள், அந்தக் கையை அசைக்கக் கூடாது. வாய்க்குத் தடை எதுவும் இல்லை. "வாங்க சார். எங்கக்கா என்னமோ பெரிய ஆளுங்களையெல்லாம் நிக்க வச்சுக் கேட்டாளாமே? வீட்ல ஒரு கரப்பான்பூச்சியப் பாத்தா கட்டில் மேல ஏறிடுவா!"

வரலை அக்கா கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வங்கித் தலைவரின் கோட்டு, வக்கீலின் இரண்டு விதத் தலையாட்டல், எதையும் விடவில்லை. தங்கை இடையிடையே, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்புறம் அந்தாளு மைக்குகிட்ட வந்து..." என்றவரின் குரல் இழுபட்டது. தலை கட்டில் விளிம்பில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நான்கு மாதத் தூக்கம்.

எழுப்பலாம் என்று நான் கையை நீட்டினேன். தங்கை கண்ணாலேயே என்னை அதட்டினார். பிறகு குழாய் இல்லாத கையை மெல்ல நீட்டி, அக்காவின் மூக்கில் கோணிக்கொண்டு அழுத்திய கண்ணாடியைக் காதுகளிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து எடுத்தார். ஒரு கையாலும் முகவாயாலுமாக அதை மடித்து, தன் நெஞ்சின் மேல் வைத்துப் பொத்திக்கொண்டார்.