காலிமந்தானில் ஒரு தட்டுப் பழபஜ்ஜி

திங்கட்கிழமை காலை சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். சென்னை போய் அங்கிருந்து விமானம். போக ஒரு டிக்கெட், வர இரண்டு. இந்தோனேசியாவில் ஒரு கடலோரக் கிராமத்தில் ஒரு வருஷமாக இருக்கும் என் மனைவி செல்வியைக் கூட்டி வரத்தான் இந்தப் பயணம். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள். அலையாத்திக் காட்டில் நண்டு வளர்க்க அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்துப் போனாள். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க" என்று போன வாரம் போனில் சொன்னாள்.

"நீ என்ன சொன்ன?" என்றேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் கோழி கொக்கரித்ததுகூட எனக்குக் கேட்டது.

கிள்ளையில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "பிச்சாவரத்துல இல்லாத நண்டாடா அங்க இருக்கு?" பெயிண்ட் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நானும் அதைத்தான் பார்க்கப் புறப்பட்டேன்.

கோலாலம்பூர் வரை பக்கத்து இருக்கையில் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர். அங்கே ஹோட்டலில் வேலையாம்.

"டூரா மச்சான்?"

"இல்ல பாய். வொய்ஃபைக் கூட்டிட்டு வரப் போறேன்."

"வர்றேன்னு சொன்னாங்களா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். "சரி சரி, ஜாஸ்தி யோசிக்காதீங்க" என்று அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மனுஷன் இரண்டே கேள்வியில் என் பயணத்தை அளந்துவிட்டார்.

கோலாலம்பூர், ஜகார்த்தா, பொந்தியானாக் என்று மூன்று விமானங்கள் மாறி, செவ்வாய் மதியம் மேற்குக் காலிமந்தானில் இறங்கினேன். அங்கிருந்து வடக்கே கடலோரமாக ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். பங்கு டாக்சியில் ஆளுக்கு இரண்டு லட்சம் ரூப்பியா. பயந்துவிட வேண்டாம், நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம்தான். வழியெல்லாம் தென்னை, வயல், பிறகு தகரக் கூரைக் கடைகள். சேத்தியாத்தோப்புப் பக்கம் போவதுபோலவே இருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "காக் செல்வி!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். காக் என்றால் அக்கா. கிள்ளை ஆட்டோ ஸ்டாண்டில் இவள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பெயிண்ட் கடைக்காரர் வீட்டம்மா, அவ்வளவுதான். எனக்கு அங்கேயே எரிய ஆரம்பித்துவிட்டது.

ஊர் தண்ணீருக்கு மேல் நிற்கிறது. கட்டைக் கால்களில் பலகை வீடுகள், வீட்டுக்கு வீடு பலகைப் பாதை. கடல் ஏறினால் அடியில் தண்ணீர், இறங்கினால் சேறு. சுற்றிலும் அலையாத்தி. வாடை அப்படியே கிள்ளை வாடை. செல்வி என்னை அழைத்துப் போக மோட்டார் சைக்கிளில் வந்தாள். நம் ஊரில் என் வண்டியின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து சேலையைப் பிடித்துக்கொண்டே வருகிறவள், ஒற்றையாள் அகலப் பலகையில் என்னையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு பறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பயமாங்க?"

"தூசி" என்றேன். தண்ணீருக்கு மேல் ஏது தூசி?

புதனன்று என்னை வீடு வீடாகக் கூட்டிப்போனாள். எல்லா வீட்டிலும் காப்பி, பழபஜ்ஜி. நாலாவது வீட்டில் வயிறு முட்டித் தட்டைக் கையால் மறித்தேன். அந்த அம்மாள் முகம் வாடிப்போனது. செல்வி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து, விரல் நுனியைத் தட்டில் வைத்து எடுத்து, என் உதட்டில் ஒற்றினாள்.

"என்ன பண்ற?"

"வச்சதைத் தொடாமப் போனா வழியில ஏதாவது ஆயிடும்னு இங்க பயப்படுவாங்க. சாப்பிட நேரமில்லாதவங்க தொட்டுட்டாப் போதும்."

"நீ இதெல்லாம் நம்புறியா?"

"வாசல்ல தல இடிச்சா உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போன்னு உங்க அம்மா சொல்றாங்கல்ல? அப்ப நான் கேட்டனா?"

கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவள் எதையுமே கேட்டதில்லை.

என் வயிற்றெரிச்சல் முற்றியது வியாழன் சாயங்காலம். செல்வி தங்கியிருந்தது ரொஹானி என்ற விதவை வீட்டில். அந்த வீட்டுப் பின்பக்கப் பலகையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து நண்டுகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் செல்வி. ஒரு நண்டைத் தூக்கிக் காட்டி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். ஊரே அதிர்கிற சிரிப்பு. ரொஹானிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்வி மட்டும் சிரிக்காமல் அடுத்த நண்டை எடுத்தாள், தேர்ந்த ஆளைப்போல.

என் மனைவிக்கு வேடிக்கையாகப் பேச வரும் என்பது கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, கடல் கடந்து போய் எனக்குத் தெரிந்தது.

"என்ன சொன்ன?" என்றேன்.

"தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதுங்க."

அந்த ஊரில் எல்லாவற்றின் மேலும் எனக்குப் பொறாமை. ரொஹானி மேல், அந்தப் பாஷை மேல், கட்டிப்போட்ட நண்டு மேல்கூட. வேறு ஒரு ஆண்பிள்ளை இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒரு ஊரோடு எப்படிச் சண்டை போடுவது? இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். நான் அக்கரைக்கே போய்ப் பார்த்துவிட்டேன், பச்சைதான்.

வெள்ளிக்கிழமை மதியம் பலகைப் பாதையில் நின்று சொன்னேன். "ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன்."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். பலகை இடுக்கில் தெரிந்த தண்ணீரைப் பார்த்து, "வீடு வீடா இல்லடி" என்றேன். ஒரு வருஷமாகச் சொல்ல நினைத்திருந்தது அதுதான். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை டாக்சி வந்து பலகைப் பாதையின் முனையில் நின்றது. என் பெட்டி வாசலில். உள்ளே அவள் பெட்டி கட்டியிருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. வழியனுப்ப அந்தப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ரொஹானி ஒரு தட்டு நிறையப் பழபஜ்ஜியும் காப்பியும் கொண்டுவந்தாள். எல்லாருடைய கண்ணும் செல்வி மேலேயே இருந்தது. அவர்களுக்கும் தெரிய வேண்டியது அதுதான்.

தட்டு செல்வியிடம் வந்தது. தொடுவாள், புறப்படுவாள் என்று நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, வாசல் பலகையில் கால் மடக்கி உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. நேரமிருக்கிறவள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டாள்.

தட்டு என்னிடம் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். தொட்டுவிட்டுப் போகவேண்டியவன் நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இன்னொன்று. மூன்றாவது தொண்டையில் சிக்கியது. காப்பியை மடக்கென்று குடித்து இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினேன். வரும்போது விமானத்தில் அவளுக்குப் போட்டிருந்த பக்கத்து இருக்கை காலி. அதில் பையைக்கூட வைக்கவில்லை.

திங்கட்கிழமை கிள்ளை. "அவ எங்கடா?" என்றார் அம்மா. சொன்னேன். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். கடைக்குக் கிளம்பும்போது காப்பி நீட்டினார். வேண்டாம் என்றேன். அம்மா அதை எடுத்துப்போய்த் தானே குடித்தார். தொடாமல் போகிறேனே என்று இங்கே யார் முகமும் வாடவில்லை. எட்டு வருஷம் செல்வி இந்த வாசலைத் தாண்டிப் போனதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

கடையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"போய்ச் சேந்துட்டீங்களா?"

"ம்."

பின்னால் பெண்களின் சிரிப்பு. எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. "என்ன சிரிப்பு அங்க?"

"உங்களப் பத்திதான். தொட்டுட்டுப் போகச் சொன்னா மூணு பஜ்ஜியை முழுங்கிட்டுப் போனாரே, போற ஆள் யாராவது அப்படித் தின்பாங்களா, மனுஷன் இங்க தங்கத்தான் வந்திருப்பாரு போலன்னு நான் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயிண்ட் வாங்க வந்தவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"தமிழ்ல சொன்னாலும் வருதே" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. இந்தமுறை அவள் சிக்னலைக் குறை சொல்லவில்லை.