காக்கிச் சட்டை போட்ட பொம்மை

நேற்று விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்ச்சாரியில் யாரோ ஒரு கட்சிக்காரருக்கு வரவேற்பு. சரவெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். புகையும் கருகிய காகித வாசனையும் டீக்குள் வந்து இறங்கின. கடை டிவியில் ஒருவர், எல்லையில் என்ன செய்ய வேண்டும் என்று மேஜையைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாசனையும் அப்படியொரு பேச்சும் சேர்ந்து வந்தால் நான் டீயைப் பாதியில் வைத்துவிடுவேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அல்லது நான் அதை விட்டேன். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினேன், சிவகாசியில் அச்சாபீசில் லேபிள் வெட்டினேன், சாத்தூர் ஹோட்டலில் மாவாட்டினேன். எந்த வேலையிலும் இரண்டு பொங்கல் கண்டதில்லை. சீனாச் சண்டை ஓய்ந்த சமயம் ஒரு மைக் செட்காரரிடம் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னையும் ஒலிபெருக்கியையும் கட்சிக் கூட்டங்களுக்குப் போகும் வக்கீலய்யாவின் ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

வக்கீலய்யா பழைய மனிதர். மூடின கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு. நிலத்திலும் கோயிலிலும் சர்க்கார் கை வைக்கக் கூடாது, தொழிலுக்குப் பெர்மிட் கூடாது என்கிற கட்சி. சண்டைக்கு அப்புறம் அதெல்லாம் பின்னுக்குப் போய், பேச்சு முழுக்க எல்லையைப் பற்றித்தான். எல்லாருக்கும் சிநேகிதன் என்ற டெல்லிக்கு ஆபத்தில் ஒரு சிநேகிதனும் வரவில்லை, பட்டாளத்தைப் பெருக்கு, மேல்நாட்டில் ஆயுதம் கேட்பதில் வெட்கமில்லை, எதிரி பிடித்த நிலத்தை விட்டுப் போகும்வரை அவனோடு பேச்சே கூடாது என்பார். சீனாவை நம்பாதே என்று சண்டைக்கு முன்பே ஊர் ஊராகச் சொன்னவர் அவர். அப்போது சிரித்தவர்கள் இப்போது மாலை போட்டார்கள். சொன்னது ஒரு தடவை பலித்துவிட்டால் மனிதனுக்கு அப்புறம் சந்தேகமே வருவதில்லை போலிருக்கிறது.

நாமும் அணுகுண்டு செய்ய வேண்டும் என்பார். உடனே கூட்டத்தில் ஒரு குரல், "நம்ம பட்டாசுக் கம்பெனியிலருந்து லோடு லோடா போகுதேய்யா. டெல்லிய ஆர்டர் குடுக்கச் சொல்லுங்க" என்று வரும். வக்கீலய்யாவும் சிரித்துவிடுவார்.

எங்கள் பக்கம் வாழ்த்தவும் வெடிதான், வையவும் வெடிதான். பிடிக்காதவனுக்கு வைக்கோல் பொம்மை கட்டி மற்ற ஊர்க்காரர்கள் வெறுமனே எரிப்பார்கள். எங்களுக்கு அது போதாது. வயிற்றுக்குள் வெடியைத் திணித்தால்தான் மனசு ஆறும்.

ஆமத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். தை கழிந்து ஒரு சாயங்காலம். மேடையை ஒட்டிய கம்பத்தில் சீனப் பட்டாளத்தான் பொம்மை, காகிதத் தொப்பியும் காக்கிச் சட்டையுமாக நின்றது. சட்டை கொண்டுவந்தவன் தாசன், பட்டாசு ஆபீஸ் தொழிலாளி. அவன் அண்ணன் அருளப்பன் பட்டாளத்தில் இருந்து, பனிமலையில் சீனர்களிடம் பிடிபட்டுவிட்டார் என்று தகவல் வந்திருந்தது. அண்ணனைப் பிடித்தவனை வெடிக்கப் போகிறோம் என்ற வேகத்தில், பெட்டியில் கிடந்த அண்ணனின் பழைய சட்டையையே எடுத்துவந்து மாட்டிவிட்டான். ஊரில் வேறு யாரிடம் காக்கி இருக்கிறது? நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பொருத்தமாக இருக்கிறது என்றுதான் தோன்றியது.

"நம்ம சிப்பாய் கடைசித் தோட்டா வரை நிப்பான். பேச்சுக்கு இடமே இல்ல" என்று வக்கீலய்யா முடிக்கிற கட்டத்துக்கு வந்திருந்தார். தாசன் தீப்பெட்டியை எடுத்தான். அப்போதுதான் அருளப்பனின் மனைவி எஸ்தர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ், டியூட்டி முடிந்து அதே வெள்ளைச் சேலையோடு இருந்தார். நேரே பொம்மையிடம் போய் முழங்கைத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"ஏலே தாசா, இது யாரு சட்ட?"

"தள்ளி நில்லுங்க மதினி. உள்ள வெடி இருக்கு."

"இந்தக் கிழிசலத் தச்சது நான்லே."

தாசன் தீப்பெட்டியை மடியில் செருகினான். எஸ்தர் மேடைப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, சண்டைக்கு முந்தியே நீங்க சொன்னீக. மெய்யாப் போச்சு. இப்பப் பேசவே கூடாதுங்கீக. பேசாம எங்க வீட்டாள எப்படிக் கூட்டியாருவீக?"

மைக் திறந்தே இருந்தது. வக்கீலய்யா மூச்சு விடுவது கடைசி வரிசைவரை கேட்டது.

"தாயீ, பேசப் போனா அவன் நெலத்தக் கேப்பான். ஒரு ஆளுக்காக நாடு..."

"அந்த ஒரு ஆளுக்குத்தான்யா நான் சோறு பொங்கணும்."

பின்னாலிருந்து யாரோ, "ராணுவ விவகாரம் பொம்பளைக்கு எதுக்கு?" என்றார். வக்கீலய்யா கையமர்த்தினார். இறங்கி வந்து, தானே பொத்தான்களைக் கழற்றி, சட்டையை உதறி, ஒட்டியிருந்த வைக்கோலைப் பொறுக்கி எடுத்து, மடித்து எஸ்தரிடம் கொடுத்தார். திரும்ப மேலேறி, "என் கொள்கை மாறல. ஆனா அந்தம்மா கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்றார்.

மேடையில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும் என்று இப்போது படுகிறது. அன்று எல்லாருக்கும் சப்பென்று போயிற்று. எஸ்தர் போனதும் பொம்மையைக் கொளுத்தத்தான் செய்தார்கள். சட்டையில்லாமல் வெறும் வைக்கோலாக நின்றது. எந்த நாட்டுக்காரன் என்று சொல்ல முடியாது. வெடித்துச் சிதறியது.

அடுத்த ஊரில் 'பேச்சுக்கு இடமே இல்லை' வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வெயில் காலத்தில், பிடித்து வைத்திருந்தவர்களைச் சீனாக்காரனே விட்டுவிட்டான். அருளப்பன் வந்து சேர்ந்தார். மைக் வேலையும் போய், நான் அதே ஊர் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே அவரிடம் கேட்டார்.

"கடைசித் தோட்டா வரைக்கும் சுட்டீகளா, இல்ல கையத் தூக்கிட்டீகளா?"

கேட்டவர் கெட்டவரில்லை. மேடையிலிருந்து காதில் விழுந்ததைத்தான் திருப்பிக் கேட்டார். அருளப்பன் டீயைக் குடித்து முடித்தார்.

"எங்களுக்கு அம்புட்டுத் தோட்டா குடுக்கலய்யா."

அதற்கப்புறமும் கேட்டார்கள். சந்தையில், கோயில் வாசலில், முடிவெட்டுகிற இடத்தில். அடுத்த மழைக்குள் எஸ்தர் வேறெங்கோ வேலை தேடிக்கொள்ள, இருவரும் ஊரை விட்டே போனார்கள்.

போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். கூட்டம் நடந்த பொட்டலில் பட்டாசுப் பெட்டி அடுக்கக் கிட்டங்கி கட்டியிருக்கிறார்கள். வக்கீலய்யா போய்ச் சேர்ந்து வெகுகாலம். அவருடைய கட்சியும் இல்லை. அவர் சொன்னதில் பாதி இன்று எல்லாக் கட்சிக்காரரும் சொல்வதுதான். லீவில் வந்திருந்த ஒரு பட்டாளத்துப் பையனிடம், சீனாச் சண்டைக்குப் போனவர் வீடு எது என்று விசாரித்தேன். மரியாதையாக எழுந்து நின்றான்.

"இந்த ஊர்லருந்து அப்ப யாரும் போகலையே தாத்தா" என்றான்.