வீட்டுக்குள் பூட்டு

என் ஓரகத்தி கல்யாண ஆல்பம் செய்பவள். ஸ்டுடியோக்காரர் கொடுத்த கம்ப்யூட்டரை மாடி அறையில் வைத்திருந்தாள். மணப்பெண்ணை அலங்கரிக்கும்போது எடுத்த படங்களும் அதில் வரும். ஆகாததை அழித்துவிட்டு ஆகிறதைக் கோத்துக் கொடுப்பாள். அவளிடம் போனால் ஒரு படமும் வெளியே போகாது என்று பேர் இருந்தது. அந்தப் பேர்தான் அவளுக்குச் சோறு போட்டது.

எங்கள் கடைசிக் கொழுந்தனுக்கு வேலை இல்லை.

"பாஸ்வேர்டு சொல்லுங்க அண்ணி. ஒரே ஒரு கேம்."

"அது ஸ்டுடியோ மெஷின்ப்பா."

"ஏன், நாங்க தொட்டா தேஞ்சிடுமா?"

ஒருநாள் அந்த அறையைப் பெருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத் தூசியில் விரல் தடம் பார்த்தேன். ஒரு திருகாணியைக் காணோம். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"டிஸ்க்கையே கழட்டிட்டுப் போனா பாஸ்வேர்டு என்னக்கா செய்யும்?"

அன்றே கதவுக்குப் பூட்டு வாங்கி வந்தாள். மாமியார் பார்த்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள பூட்டா? எங்கள்ல யாரு திருடன்னு சொல்லிட்டுப் பூட்டு."

அவள் புருஷன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "விடேன். நம்ம ஆளுங்கதானே."

பூட்டு பீரோவுக்குள் போனது.

அடுத்த வாரமே ஒரு மணப்பெண்ணின் அலங்கார அறைப் படம் ஊரெல்லாம் போன் போனாகச் சுற்றியது. கொழுந்தன் டிஸ்க்கை நண்பன் வீட்டில் மாட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் திரும்ப வைத்திருக்கிறான். "நான் சும்மா பாக்கத்தான் எடுத்தேன். அவன்தான் காப்பி பண்ணிட்டான்" என்றான். அதோடு அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் மெஷினை எடுத்துப் போக வந்தார். கூடவே அந்த மணப்பெண்ணின் அம்மாவும் வந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"உன்ன நம்பித்தானேம்மா குடுத்தோம்? புருஷன் வீட்டுக்காரங்க பொண்ண எங்க வீட்ல கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்க."

மாமியார் உள்ளேயிருந்து, "போட்டோதானே, என்னமோ குடி முழுகினாப்ல" என்றார். அது வாசல்வரை கேட்டது.

அதற்குப் பிறகு எந்த ஸ்டுடியோவும் அவளைத் தேடி வரவில்லை. அவளாகப் போய்க் கேட்ட இடங்களில், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்த மணப்பெண்ணும் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாளாம்.

இப்போது கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நேற்று மாமியார் சமையலறைக்கு வந்து என் ஓரகத்தியிடம்தான் கேட்டார்.

"போட்டோ எடுக்க உனக்குத் தெரிஞ்சவங்களா சொல்லு. நம்பிக்கையான ஆளா இருக்கணும். காலம் கெட்டுக் கிடக்கு."

இவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். விளக்கிய பாத்திரத்தையே திரும்பவும் விளக்கிக்கொண்டிருந்தாள்.